இல்லமும் இயந்திரமும்: மோட்டார் சுழல்கிறது, கத்தி சுழலவில்லை



அண்மையில் நாகபுரிக்கு மாற்றலாகிச் சென்ற அன்பர் ஒருவர் இப்பகுதிக்கு மடல் ஒன்று விடுத்துள்ளார். ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தாரிடமிருந்து பழைய மிக்ஸி ஒன்றை அவர் விலைக்கு வாங்கினார். இரண்டு வாரம் நன்றாக அரைத்த அப்பொறி, ஒருநாள் காலை சட்னிக்குத் தேங்காய் இட்டபோது உரத்த ஒலியுடன் ஓடியது. ஆயினும் ஜாரினுள் இருந்த கத்தி அசையவில்லை. கடைத்தெருவில் பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றார். அவரோ பொறியைத் திறந்தும் பாராமல், ஆர்மேச்சர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லி, பொறி வாங்கிய விலையில் பாதியைக் கேட்டார். "மாற்றுவதா, பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா? மாதக் கடைசியில் இரண்டுமே எங்களுக்குக் கடினம்" என்று அன்பர் வினவுகிறார்.

இரண்டும் இப்போது வேண்டா என்பதே நம் விடை. ஆர்மேச்சர் என்பது மோட்டாரின் உள்ளே சுழலும், செப்புக் கம்பிச் சுற்றுப் பொதிந்த உருளை. அது கருகிப்போயிருந்தால் மோட்டார் உரத்து ஓடாது. மோட்டார் ஓடுகிறது என்பதே ஆர்மேச்சர் பிழைத்திருக்கிறது என்பதற்குச் சான்று. பழுது மோட்டாரில் இல்லை; மோட்டாருக்கும் கத்திக்கும் இடையில் உள்ளது. அவ்விடையில் உள்ள உறுப்புகளுள் பெரும்பாலானவை சில பத்து ரூபாயில் அகப்படுபவை. வெளியூரில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இச்சிக்கல் பொதுவாதலால், சற்று விரிவாகவே விளக்குகிறோம்.

சுழற்சி செல்லும் வழி

மோட்டாரின் தண்டு அடிப்பாகத்தின் நடுவே மேல்நோக்கி நிற்கிறது. அதன் தலையில் பற்களுள்ள ஒரு சிறு வட்டம் பொருத்தப்பட்டிருக்கும். ஜாரின் அடியிலும் அதனோடு கோத்துக்கொள்ளும் மற்றொரு வட்டம் உண்டு. கடைக்காரர் இவ்விரண்டையும் கப்ளர் என்பர். நாம் இணைப்பு வட்டம் எனலாம். ஜாரின் வட்டம் ஒரு சிறு தண்டோடு பிணைந்துள்ளது. அத்தண்டு ஜாரின் அடியில் பதித்த, புஷ் எனப்படும் உலோகக் குழலின் வழியே மேலேறிக் கத்தியைத் தாங்குகிறது. மோட்டார், கீழ் வட்டம், மேல் வட்டம், தண்டு, கத்தி ஆகிய இந்த ஐந்தில் எந்த ஒன்று கைவிட்டாலும் அரைப்பு நின்றுவிடும்.

இவற்றுள் இணைப்பு வட்டங்களை மட்டும் ரப்பராலோ நைலானாலோ மென்மையாகச் செய்திருப்பதைக் காணலாம். இது சிக்கனத்துக்காக மட்டும் செய்த ஏற்பாடு அன்று. வெளிநாடுகளிலிருந்து வந்த பழைய கலக்கும் பொறிகள் பழச்சாறுக்கும் கேக் மாவுக்கும் ஏற்றவை. ஊறிய உளுந்தையும் உலர்ந்த மஞ்சளையும் தாங்குபவை அல்ல. 1960-களில் மும்பைப் பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர், தம் துணைவியார் மாதுரி மாத்தூரின் அடுக்களைத் தேவையை முன்னிட்டு, வலிய மோட்டார் அமைந்த பொறி ஒன்றை உருவாக்கினார். ‘சுமீத்’ என்னும் பெயரில் அது நாடெங்கும் பரவியது. இன்று நம் வீடுகளில் உள்ள மிக்ஸிகளுள் பெரும்பாலானவை 500 முதல் 750 வாட் ஆற்றல் கொண்டவை. சுமையின்றி ஓடும்போது அவற்றின் தண்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 18,000 முதல் 20,000 சுற்றுகள் சுற்றும். அவ்வேகத்தில் ஒரு மஞ்சள் கிழங்கு கத்தியில் சிக்கினால், அந்த அதிர்ச்சி எங்கேனும் இறங்கித்தான் ஆக வேண்டும். மோட்டாரில் இறங்காமல், விலை குறைந்த இணைப்பு வட்டத்தில் இறங்கட்டும் என்பதே அமைப்பாளர் கருத்து. ஆகவே வட்டம் தேய்ந்து பல்லிழந்தால், அது தன் கடமையைச் செய்து மோட்டாரைக் காத்தது என்றே கொள்ள வேண்டும்.

செவியால் அறிதல்

பொறியைத் திறக்குமுன் அதன் ஒலியைக் கேட்க வேண்டும். கத்தி சுழலாத நிலையில் நான்கு வகைக் குறிகள் உண்டு.

முதலாவது, மோட்டார் உரத்துக் கூவி ஓடும், கத்தி நிற்கும். இணைப்பு அறுந்தது என்பதற்கு இது குறி. வட்டத்தின் பற்கள் தேய்ந்திருக்கலாம். வட்டம் தண்டிலிருந்து கழன்றிருக்கலாம். கத்தியே தண்டில் தளர்ந்திருக்கலாம். நாகபுரி அன்பரின் பொறி இவ்வகையினது.

இரண்டாவது, தாழ்ந்த முனகல் மட்டும் கேட்கும், ஒன்றும் சுழலாது. நான்கிலும் ஆபத்தானது இதுவே. ஏதோ ஒன்று இறுகிப் பிடித்துக்கொண்டுள்ளது. சுழல முடியாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தினும் பன்மடங்கு மின்சாரத்தை இழுத்து விரைவில் சூடேறும். இன்னும் ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று சுவிட்சை மீண்டும் மீண்டும் போடுவோர், பத்து ரூபாய்ப் பழுதைப் பல நூறு ரூபாய்ப் பழுதாக மாற்றிக்கொள்வர். முனகல் கேட்டதும் அணைத்துவிடுக.

மூன்றாவது, எவ்வொலியும் இல்லை. முதலில் வேறொரு கருவியைச் செருகி மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, ஜார் தன் பள்ளத்தில் முழுதும் பொருந்தியுள்ளதா என்று பார்க்க வேண்டும். ஜாரோ மூடியோ சரியாகப் பூட்டப்படாதவரை ஓடாதபடி அமைந்த பொறிகளும் உண்டு. பின்னர்ப் பொறியின் அடியில் உள்ள சிறு பொத்தானைக் காண்க. சுமை மிகும்போது மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் காப்பு அது. பொறியைப் பத்து நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்தினால் பல நேரங்களில் பொறி மீண்டும் ஓடும். அதன் பின்னும் ஓடவில்லையெனில், ஆர்மேச்சருக்கு மின்சாரத்தைத் தரும் கார்பன் துண்டுகள் தேய்ந்திருக்கக்கூடும். அவற்றை மாற்றுவதும் சிறு செலவே.

நான்காவது, வெறும் ஜாரில் கத்தி சுழலும். பொருள் இட்டதும் தயங்கி நிற்கும். பற்கள் பாதி தேய்ந்து வழுக்குகின்றன, அல்லது கத்தி சற்றே தளர்ந்துள்ளது என்று பொருள். மின்னழுத்தம் தாழும் கோடை மாலைகளிலும் இவ்வாறு நேரும். வேறு வேளையில் நன்கு ஓடினால் குறை பொறியில் இல்லை.

கையால் அறிதல்

இனி வருவன அனைத்தும் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே செய்யத்தக்கவை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சிறுவர் கை எட்டும் இடத்தில் அந்தப் பிளக் இருத்தலும் ஆகாது.

அடிப்பாகத்தின் வட்டத்தை விரலால் சுற்றுக. சிறு உராய்வுடன் சுற்றினால் மோட்டார்த் தண்டு நலமாக உள்ளது. சற்றும் அசையாவிட்டால் மோட்டாரின் உட்புறம் இறுகியுள்ளது. அதனை வல்லாரிடம் காட்டுவதே முறை.

அடுத்து, ஜாரைக் கவிழ்த்து அதன் அடிவட்டத்தைச் சுற்றுக. எளிதில் சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் முனகலுக்குக் காரணம் ஜாரே ஆகும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் மிகுதியாக ஆடினால் புஷ் தேய்ந்துள்ளது.

மூன்றாவதாக, ஒரு மரக்கரண்டியின் காம்பால் கத்தியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, அடிவட்டத்தைத் திருப்புக. கத்தி நிற்க, வட்டம் மட்டும் திரும்பினால், கத்தியோ வட்டமோ தண்டில் தளர்ந்துவிட்டது. கத்தியை வெறுங்கையால் பிடிக்கலாகாது.

நான்காவதாக, இரு வட்டங்களின் பற்களையும் ஒளியில் வைத்துப் பார்க்க வேண்டும். முனை மழுங்கி, ஓரம் வளைந்து, அருகில் கரிய பொடி படிந்திருப்பின் வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. பல் நன்றாக இருந்தும் ஐயம் தீராவிட்டால், தண்டின் முனையிலிருந்து வட்டத்தின் மேலாகச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஜாரைப் பொருத்திச் சில நொடிகள் ஓட்டுக. மீண்டும் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கும்போது கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால், வட்டம் தண்டின்மேல் வழுக்குகிறது.

பழுது நீக்கல்

அடிப்பாகத்து வட்டத்தைக் கழற்றுவதில்தான் பலர் இடர்ப்படுகின்றனர். எத்திசையில் திருகுவது என்றறியாமல் முறுக்கி, நல்ல தண்டின் மரையைக் கெடுத்துவிடுகின்றனர். இதற்கு ஓர் எளிய விதி உண்டு. மோட்டார் சுழலும்போது அரைபடும் பொருள் வட்டத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. அவ்விழுப்பால் வட்டம் மேலும் இறுகுமாறுதான் மரை வெட்டப்பட்டிருக்கும். ஆகவே மோட்டார் எத்திசையில் சுழலுமோ அத்திசையிலேயே வட்டத்தைத் திருப்பினால் அது கழலும். சுழலும் திசையை அறிய, ஜார் இன்றி அடிப்பாகத்தை ஒரு நொடி ஓட்டி அணைத்து, வேகம் அடங்கும் தறுவாயில் எட்ட நின்று நோக்கினால் போதும். அவ்வேளையில் சேலைத் தலைப்பும் கூந்தலும் விரலும் அருகே செல்லலாகாது.

திசை தெரிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, பொறியைக் கவிழ்த்து, அடிமூடியைக் கழற்றுக. மோட்டார்த் தண்டின் கீழ்முனை தென்படும். பல பொறிகளில் ஸ்க்ரூ டிரைவர் பதியும் வெட்டு ஒன்று அம்முனையில் இருக்கும். ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வட்டத்தைத் திருப்பலாம். ஜாரின் அடிவட்டம் மரையுள்ள வகையாயின் விதி தலைகீழாகும். அங்கே வட்டமே தண்டை ஓட்டுவதால், சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால்தான் அது கழலும்.

ஜாரின் தண்டு இறுகியிருந்தால் சுத்தியலை எடுக்க வேண்டா. அரைத்த விழுது புஷ்ஷின் வாயில் உலர்ந்து கெட்டியாகியிருக்கும். வட மாநிலங்களில் வாழ்வோர் இன்னொன்றையும் நினைவிற் கொள்க. குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுவதை நம் தாய்மார் அறிவர். சட்னியில் உள்ள தேங்காய்க் கொழுப்பும் அங்ஙனமே கத்தியின் அடியில் உறைந்து தண்டைப் பிடித்துக்கொள்கிறது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த தேங்காயை அப்படியே அரைப்போருக்கு எக்காலத்திலும் இது நேரும். ஜாரில் கத்தி மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றிக் கால்மணி நேரம் வைத்து, அடிவட்டத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் இளகும். இளகியபின் ஓரிரு சொட்டு நல்லெண்ணெய் இடலாம். தேங்காய் எண்ணெய் மீண்டும் உறையும், தையல் இயந்திர எண்ணெய் உணவில் கலக்கும், இரண்டும் ஆகா. ஒவ்வொரு முறை அரைத்ததும் ஜாரில் சிறிது நீர் விட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டிவிடும் வழக்கம் இருந்தால், இப்பழுது பெரும்பாலும் வருவதில்லை.

புஷ் தேய்ந்த ஜாரைப் புறக்கணித்து விடலாகாது. தேய்ந்த இடைவெளி வழியே ஜாரின் நீர் அடிப்பாகத்தில் இறங்கி மோட்டாரை நனைக்கும். அது மின்தாக்குதலுக்கும் வழியாகும். விழுதில் கருநிறம் கலந்து வருவதும் புஷ் தேய்ந்ததன் அடையாளம். அவ்விழுதை உண்ணாமல் கொட்டிவிட்டு, புஷ்ஷை மாற்றிய பின்னரே ஜாரைக் கையாள வேண்டும்.

பழுது பார்ப்பவரிடம் செல்லுங்கால்

பழுது பார்ப்போர் அனைவரும் ஏமாற்றுவோர் அல்லர். அவர்களுள் கைதேர்ந்தோரும் நேர்மையாளரும் பலர். எனினும் மொழி தெரியாத புதிய ஊரில் முதல் முறையாகக் கடைக்குச் செல்வோர் ஒன்றைச் செய்ய வேண்டும். ஆர்மேச்சர் போய்விட்டது என்று எவரேனும் சொன்னால், ஜார் இன்றி அடிப்பாகத்தை மட்டும் தம் கண்முன் ஓட்டிக் காட்டும்படி கேட்க வேண்டும். அது சீராக ஓடினால் அவர் கூற்றுக்கு ஆதாரம் இல்லை. மாறாக, புகை எழுந்தாலும், அரக்குக் கருகியது போன்ற கடுநாற்றம் வீசினாலும், காற்றுத் துளைகளின் வழியே தீப்பொறி வளையமாய்ச் சுற்றுவது தெரிந்தாலும் மோட்டார் பழுதுற்றது உண்மையே. அப்போது செலவைக் கணக்கிட்டு முடிவு செய்யலாம். எந்த உறுப்பை மாற்றினாலும் கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் செய்த பொறியின் உறுப்புகள் எல்லா ஊரிலும் எளிதில் அகப்படுவதில்லை. தில்லியில் சாந்தினி சௌக்கை அடுத்த பகீரத் பேலஸ், மும்பையில் லோஹார் சால், கொல்கத்தாவில் எஸ்ரா வீதி ஆகியவை மின்சாமான்களுக்குப் பேர்பெற்ற கடைத்தெருக்கள். ஆங்குத் தேடிப் பார்க்கலாம். தேய்ந்த வட்டத்தையே கையில் எடுத்துச் செல்க. பற்களின் எண்ணிக்கை, உயரம், நடுத்துளையின் அளவு, மரையின் திசை ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும், பொருந்தியது போலத் தோன்றிச் சில நாளில் மீண்டும் தேய்ந்துவிடும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இரண்டு இணை வட்டங்கள் வாங்கி வந்து அஞ்சறைப் பெட்டியின் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் கவலையில்லை.

பழைய பொறி வாங்குவோரும் விற்போரும்

மாற்றலுக்கு ஆளாகும் நம் குடும்பங்களிடையே வீட்டுப் பொறிகள் கைமாறுவது இயல்பு. வாங்குவோர் வெறும் பொறியை ஓட்டிப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், ஒரு கைப்பிடி ஊறிய அரிசியை இட்டு அரைத்துப் பார்க்க வேண்டும். வழுக்கும் பல் அப்போதுதான் வெளிப்படும். எல்லா ஜார்களையும் தனித்தனியே பொருத்திப் பார்க்க வேண்டும். உடைந்த ஜாருக்கு மாற்றாக வேறு நிறுவனத்து ஜாரை வைத்திருப்போர் உண்டு. அது அமர்ந்தாலும் பல் ஆழமாகக் கோவாமல் வட்டத்தைத் தின்றுவிடும். உலோக உடல் கொண்ட பழைய பொறியாயின் மூன்று முள் பிளக்கும், வீட்டில் செம்மையான நில இணைப்பும் கட்டாயம் வேண்டும்.

விற்போருக்கும் ஒரு கடமை உண்டு. ரயிலேறும் அவசரத்தில் பொறியை மட்டும் கொடுத்துவிடாமல், அதன் கையேட்டையும், மிஞ்சிய வட்டங்களையும், எந்த ஜாரில் என்ன குறை என்பதை எழுதிய ஒரு சீட்டையும் உடன் கொடுத்தல் வேண்டும். தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பதையும் அச்சீட்டில் குறிக்கலாம். 5 நிமிடம் ஓட்டி 2 நிமிடம் ஓய்வு தருக என்று பல கையேடுகள் கூறும். புதிய ஊரில் அடுப்பு மூட்டும் ஓர் இளங்குடும்பத்துக்கு அச்சீட்டு, பொறியைப் போலவே பயன் தரும்.

நாகபுரி அன்பருக்கு: பொறியைப் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேலே சொன்ன நான்கு சோதனைகளையும் வரிசையாகச் செய்யுங்கள். இரு வட்டங்களின் பற்களை முதலில் பாருங்கள். கண்டதை எழுதுங்கள், வட்டத்தின் பல் எண்ணிக்கையையும் அளவையும் குறித்து அனுப்பினால், ஊர் சென்று திரும்பும் சங்க அன்பர் எவரேனும் வாங்கி வர உதவக்கூடும்.

ஏனைய அன்பர்களும் தம் வீட்டுப் பொறிகளின் குறைகளை, அவை எழுப்பும் ஒலி எத்தகையது என்னும் குறிப்புடன் எழுதி அனுப்பலாம். ஒலியைக் கூறினால் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.